துருவத்துப் பனியும் எங்கள் ஊர்க் கரையும்

கடலூர் முதுநகரில் நான் படித்த 1960-களில் வடதுருவம் என்றால் பூகோளப் புத்தகத்தின் பின்பக்கத்துப் பாடம். தூந்திரப் பிரதேசம், பனிவீடு, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி, துருவமான், ஆறு மாதப் பகல். உப்பனாற்றங்கரையில் மீன் ஏலம் போடுகிற சத்தம் வகுப்புக்குள் கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் அந்தக் குளிர்நாட்டு மக்களின் தோல் உடையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். எங்களோடு ஒட்டும் உறவும் இல்லாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அதுதான் என்று நினைத்திருந்தோம். பிற்பாடு சிதம்பரத்தில் பூகோள டீச்சராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே பாடத்தை நானும் நடத்தினேன்.

இன்று யாராவது அந்தப் பாடத்தை நடத்தச் சொன்னால் எங்கள் கடலோரத் தாழங்குடாவில் தொடங்கி, கிள்ளை வழியாகத்தான் துருவத்துக்குப் போவேன். கடல் தின்கிற கரை, இடம் மாறும் மீன், தப்பான நேரத்தில் பெய்யும் மழை, ஊரைக் காலி செய்யும் ஜனங்கள். இவை அலாஸ்காவின் செய்திகளா, கடலூர் மாவட்டத்தின் செய்திகளா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கரை

அன்று தேவனாம்பட்டினத்தில் வண்டியை விட்டு இறங்கி அலையைத் தொட வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும். மணல்மேடுகளின்மேல் அடம்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும். மாசிமகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கினால் எத்தனை கூட்டத்துக்கும் மணலில் இடம் இருந்தது. மீனவர் குடிசைகள் மேட்டுக்குப் பின்னால் ஒண்டியிருந்தன. "மேடு இருக்கிறமட்டும் கடல் உள்ளே வராது" என்று என் ஆயா சொல்வார். அந்த மேட்டைக் கட்டியது காற்று, பிடித்து வைத்தது கொடி. அரசாங்கத்துக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.

இன்று தாழங்குடாவில் படகை ஏற்றி வைக்க இடம் தேடுகிறார்கள். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊருக்கு ஊர் மனு கொடுக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. ஓர் ஊரில் கல் போட்டால் அந்த மணல் அங்கேயே நின்றுவிடும். வடக்கே இருக்கும் அடுத்த ஊரின் கரை கரையும். அந்த ஊரும் கல் கேட்கும். ஆறுகள் கொண்டுவரும் மணலும் குறைந்துபோயிற்று. 1934-ல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து காவிரியின் வண்டலில் பெரும்பங்கு கொள்ளிடத்தின் வாய்க்கு வந்து சேர்வதில்லை. இப்படி நாமே பலவீனப்படுத்திவிட்ட கரையின்மேல்தான் கடல் ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது? 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண், உயர்ந்தது என்று பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டிருக்கிறது. 1990-களில் இருந்த வேகத்தைப்போல் இப்போதைய வேகம் இருமடங்கு. சூடேறிய தண்ணீர் விரிவது ஏறக்குறைய பாதிக் காரணம் என்றால், நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது மீதியில் பெரும்பகுதி. அதில் கிரீன்லாந்துக்குப் பெரும்பங்கு உண்டு.

கிரீன்லாந்தின் பனி அத்தனை பெரிய எடை. அது தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகி எடை குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. அதனால் கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் தாழ்கிறது. விலகிப்போன அந்தத் தண்ணீர் பூமத்திய ரேகைப் பக்கமும் தெற்கிலும் சராசரியைவிட அதிகமாக ஏறுகிறது. பனி உருகுவது அங்கே, தண்ணீர் ஏறுவது இங்கே. எங்கள் தேவனாம்பட்டினத்து மீனவர் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்தப் பனியின் கணக்கு அவர் வாசலில்தான் தீர்க்கப்படுகிறது.

அதற்காக வடக்கே இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. கோடை முடிவில் அந்தக் கடலின்மேல் மிஞ்சும் பனி 1980-களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது 34 லட்சத்துக்கு இறங்கியது. மறைந்துபோன பரப்பு நம் இந்தியாவைவிடப் பெரியது.

அலாஸ்காவில் சிஷ்மரெஃப் என்று ஒரு தீவுக் கிராமம். சுமார் 600 இனுபியாட் மக்கள், நம் மீனவர்களைப்போலவே கடலை நம்பிப் பிழைப்பவர்கள். அன்று இலையுதிர்காலப் புயல்கள் வருவதற்கு முன்பே கரையை ஒட்டிக் கடல் உறைந்துவிடும். அலை அந்தப் பனியில் மோதி அடங்கும். இன்று கடல் தாமதமாக உறைகிறது. புயல் நேராகக் கரையில் அடிக்கிறது, அடிநிலத்தை இறுக்கியிருந்த உறைமண்ணும் இளகுகிறது, வீடுகள் சரிகின்றன. 2016-ல் அவர்கள் ஊரை வேறிடத்துக்கு மாற்றுவதா என்று வாக்கெடுத்து, சிறு வித்தியாசத்தில் மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள். பணம் வராததால் அங்கேயே இருக்கிறார்கள். நியூடாக் என்ற இன்னொரு அலாஸ்கா கிராமம் 2019-லிருந்து மெர்டார்விக் என்ற புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அவர்களுக்குப் பனி, எங்களுக்கு மணல்மேடு. இரண்டும் மனிதர் கட்டாத மதில்கள். ஆயாவின் சொல்லை அலாஸ்காவிலும் ஒரு பாட்டி சொல்லியிருப்பார்.

மீன்

அன்று முதுநகர் மீன் கூடைகளில் கவலை இருக்கும், காரப்பொடி இருக்கும், நெத்திலி இருக்கும். நெய் மத்தி என்பது கேரளக் கரையின் மீன். மலபாரில் அது இல்லாமல் சோறு இல்லை என்று அங்கே உறவு வைத்திருந்தவர்கள் சொல்லக் கேட்டதுண்டு. நாட்டின் நெய் மத்தி ஏறக்குறைய முழுவதும் அந்தக் கரையிலேயே கிடைத்துவந்தது.

1980-களின் நடுவிலிருந்து அது தென்முனையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வரத் தொடங்கியது. இன்று தமிழகக் கரையில் வலையில் மலையாகக் குவியும் மீன்களில் மத்தியும் ஒன்று. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதைக் கடல் சூடேறுவதோடு இணைத்துப் பார்க்கிறார்கள்: முன்பு அந்த மீனுக்கு ஒவ்வாத நீர்ப்பரப்புகள் இப்போது ஒத்துப்போகின்றன.

இதே கதை வடக்கிலும் நடந்தது. நம் கானாங்கெளுத்தியின் உறவான அட்லாண்டிக் மாக்கரெல், சூடான நீரைப் பின்தொடர்ந்து 2000-களில் ஐஸ்லாந்துக்கும், 2011 வாக்கில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் கிரீன்லாந்தின் ஏற்றுமதி வருவாயில் கணிசமான பங்கு அந்தப் புதுமீனுக்கு ஆனது. வலையில் மீன் விழுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வந்த மீன் நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. கேரளத்தில் மத்தி திடீரென்று காணாமல்போன ஆண்டுகளில் அங்குள்ள சிறுபடகுக்காரர்கள் பட்ட பாட்டை நாம் செய்தியில் படித்தோம். மீனவனின் செல்வம் அவன் தகப்பனிடம் கற்ற கணக்கு: எந்த மாதம், எந்தக் காற்று, எந்த ஆழம். அந்தக் கணக்கு பொய்க்கும்போது வங்கியில் போட்ட பணம் கரைவதைவிடப் பெரிய நஷ்டம் நேர்கிறது. துருவப் பகுதியின் இனுவிட் வேட்டைக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். பனியின் நிறத்தைப் பார்த்துக் கால் வைக்கலாமா என்று சொல்லத் தெரிந்த பெரியவர்களே இன்று பனி உடைந்து விழுகிறார்கள்.

மழை

அன்று ஐப்பசி அடைமழை என்றால் நாள்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். கெடிலம் பொங்கும், பரவனாறு பொங்கும், பள்ளிக்கு விடுமுறை. பெரிய வெள்ளங்களும் புயல்களும் அந்தக் காலத்திலும் உண்டு. கடலூர் என்றைக்குமே வடிகால் மாவட்டம்தான். மேல்மாவட்டங்களின் தண்ணீரெல்லாம் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

இன்றைக்குப் பல நாளின் மழை ஒரே பகலில் இறங்குகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கங்களில் ஓடை வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பள்ளி இயற்பியல். நீராவி மொத்தமாகக் கொட்டினால் எப்படியிருக்கும் என்று அன்று எங்கள் மாவட்டம் கண்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கடலூர் நகரின் ஓரத்துக் குடியிருப்புகளை மூழ்கடித்தது.

இவற்றுக்கு முன்னால் 2011 டிசம்பர் 30 விடியலில் வந்தது தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. பாட்டன் நட்ட பலாவில் பேரன் பழம் பறிக்கிற பூமி அது. ஒரு காலைப் பொழுதில் மூன்று தலைமுறையின் சொத்து விறகாகக் கிடந்தது. ஒரு தனிப் புயலைக் காட்டி இது சூடேற்றத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. சூடான கடல் புயலுக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மழை தப்பான நேரத்தில் பெய்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் சம்பா விவசாயியிடம் கேட்கலாம். ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் துருவமான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்களிடமும் கேட்கலாம். 2013 நவம்பரில் அங்கே பனி பெய்ய வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. அந்த ஈரம் இரும்பாக உறைந்து மேய்ச்சலை மூடியது. குளம்பால் கிளறியும் புல்லை எட்ட முடியாமல் 61,000 துருவமான்கள் பட்டினியில் செத்தன. வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிட நேரமில்லாமல் போன எங்கள் ஊர்ப் பெண்களின் அழுகையைக் கேட்டவளுக்கு அந்த மேய்ப்பர்களின் துக்கம் புரியாமல் போகாது.

துருவத்துக்கும் நமக்கும் உள்ள இந்தத் தொடர்பையும் ஆராயத்தான் 2008-ல் நம் நாடு ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014-ல் அங்குள்ள கடலிடுக்கில் இறக்கிய இண்டார்க் என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதியில் சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பும் இருக்கிறது. துருவத்துப் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள உறவைப் பள்ளிக்கரணை ஆட்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

காடு

அன்று சிதம்பரத்துக்காரர்களுக்குப் பிச்சாவரத்துக் கண்டல் (அலையாத்தி) காடு என்றால் 'இதயக்கனி' படம் எடுத்த இடம். 1975-ல் அந்தப் படம் வந்த பிறகு படகில் போய் வருவது ஊருக்கு வந்த விருந்தினருக்குச் செய்யும் மரியாதை ஆயிற்று. தில்லை நடராசர் கோயிலின் தலமரமான தில்லையைப் பார்க்க வேண்டுமென்றாலும் அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் காடு பெரும்பகுதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. பிரிட்டிஷார் தொடங்கிய, பகுதி பகுதியாக மரத்தை மொத்தமாக வெட்டும் 'கூப்பு' வெட்டு சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் நடந்தது. மரம் போன இடத்தில் வெயில்பட்டு மண் வற்றிச் சுருங்கி, கிண்ணம்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் அதில் தேங்கிக் காய, உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் கண்டல் விதை முளைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து இதற்கு மருந்து கண்டார்கள். மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்தார்கள். உப்பு கழுவிப்போயிற்று, நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. அந்த வேலையில் காட்டை ஒட்டிய கிள்ளையில் வாழும் இருளர் பழங்குடியினரின் கையும் கண்ணும் இருந்தன. ஓதம் எந்த நாள் எவ்வளவு ஏறும், எந்த மடுவில் தண்ணீர் நிற்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போட்டுக்கொள்கிற ஜனங்கள்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. அதற்கும் பருவநிலைக்கும் சம்பந்தமில்லை; அது கடலடி நிலநடுக்கத்தின் வேலை. ஆனால் கரைக்கு எது காவல் என்பதை அந்த ஒரு காலை காட்டிவிட்டது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடலை நேராகப் பார்த்து நின்ற எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற மணல்திட்டு ஊர்கள் சிதைந்தன. மக்கள் உள்பக்கம் குடிபெயர்ந்தார்கள். கண்டலுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் எங்கள் மாவட்டக் கரையை வைத்தே வெளியான ஆய்வும் அப்படியே சொன்னது. கரையின் உயரத்தையும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்; அதுவும் நியாயமான வாதம். அன்று அந்த மரங்களுக்குள் இருந்தவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். "டீச்சர், மரம் நின்னுச்சு, நாங்க நின்னோம்" என்றார் ஒரு படகுக்காரர்.

2022-ல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அதன் சேற்றுத்திட்டுகளில் இறங்கும் வளைமூக்கு உள்ளானைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கைக்குள் அடங்கும் அந்தப் பறவை பிறந்தது சைபீரியாவின் தூந்திர நிலத்தில். பனி விலகிப் பூச்சிகள் பெருகும் சில வாரங்களை நம்பி அங்கே குஞ்சு பொரித்து, பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருகிறது. பனி முந்தி உருகினால் பூச்சியும் முந்திவிடும்; குஞ்சு பொரிக்கும்போது இரை குறையும். நம் பக்கச் சதுப்பு போனால் வந்த இடத்திலும் பட்டினி. 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) இந்த இனத்தின் ஆபத்து நிலையை ஒரு படி உயர்த்தி அறிவித்தது. துருவத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் உறவும் இல்லையென்று நாங்கள் எண்ணியிருந்த காலத்திலும், உப்பனாற்றின் முகத்தில் இந்தப் பறவைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன.

கரி

எங்கள் மாவட்டம் பறிகொடுத்தது மட்டும் அல்ல, எரித்ததும் உண்டு. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய மண் வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1962-ல் மின்சாரம் வரத் தொடங்கியது. என் மாமா ஒருவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது. பெண்பிள்ளைகள் இரவில் படிக்க முடிந்தது. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நான் ஆசிரியை ஆனேன். அதற்கு நான் கடமைப்பட்டவள்.

அதே புகைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நெய்வேலியில் போகும் புகையும் ஓகையோவிலும் ஷாங்காயிலும் போகும் புகையும் ஒரே வானத்தில் கலக்கின்றன. கலந்ததில் யார் பங்கு எவ்வளவு என்பதை மறைக்கக் கூடாது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 டன் கரியமிலவாயுவுக்குக் காரணம்; ஓர் அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்குக்கு. கிள்ளை இருளர் குடும்பத்தின் பங்கு அந்த 2 டன்னில் சிறு துளி. இனுவிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே 2005-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் மனு கொடுத்தபோது கேட்டதும் இதுதான்: நாங்கள் வெளியிடாத புகைக்கு எங்கள் பனியும் வாழ்க்கையும் ஏன் விலையாக வேண்டும்? அந்த மனுவை ஆணையம் விசாரணைக்கு ஏற்கவில்லை. கேள்வி இன்னும் நிற்கிறது. அதைக் கிள்ளை இருளர் கேட்டாலும் ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. மிச்சமிருக்கும் மணல்மேடுகளைத் தொடாதீர்கள். அடம்பங்கொடியைக் களை என்று பிடுங்காதீர்கள். தூண்டில் வளைவு போடுவதற்கு முன்னால் வடக்கே இருக்கும் அடுத்த ஊரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் நன்னீர் கடல்வரை வந்தால்தான் கண்டல் பிழைக்கும். அந்தத் தண்ணீரை வீண் என்று எழுதாதீர்கள். பிச்சாவரத்துக்குப் போனால் பிளாஸ்டிக்கை அங்கே விட்டுவராதீர்கள். கரையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் இருளருக்கும் மீனவருக்கும் நாற்காலி போடுங்கள். ஓதக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. நெய்வேலியின் கரிக்குப் பதில் வெயிலும் காற்றும் வரட்டும்; நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் புது வேலைகளில் முதலிடம் கிடைக்கட்டும். பணக்கார நாடுகளிடம் நமக்குச் சேர வேண்டியதை உரத்துக் கேட்போம். கேட்கிறபோது இனுவிட் மக்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்தே கேட்போம்.

பனியை எங்களால் உறைய வைக்க முடியாது. கண்டலை நட முடியும் என்பதைக் கடலூர் மாவட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது.